பன்னிரண்டு மணிக் கச்சேரி: சென்னை சங்கீத சீசனில் காசுக்கு எது தேறும்?

டிசம்பரில் கச்சேரி கேட்கச் சென்னைக்கு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது, யாருடைய கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கும் என்பதைத்தான். எத்தனை மணிக் கச்சேரி என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் நிறையக் காசும் கொஞ்சம் காதும் மிச்சமாகும். வித்வத்தில் ராத்திரி பாடுகிறவர்கள் ஒசத்தி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் பாடியதில் எவ்வளவு நம் நாற்காலி வரைக்கும் வந்து சேர்கிறது என்று பார்த்தால், டிக்கெட்டே இல்லாத பகல் கச்சேரி பல நாள் ஜெயித்துவிடுகிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மியூசிக் அகாடமியின் விழா டிசம்பர் 15ல் தொடங்கி ஜனவரி 1ல் சதஸ் என்கிற விருது விழாவோடு முடியும். சங்கீத கலாநிதி விருது வழங்குவது அன்றைக்குத்தான். 1927ல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே நடந்த சங்கீத மாநாட்டின் பலனாக 1928ல் உருவான சபை அது. திருவல்லிக்கேணியில் பிறந்த பார்த்தசாரதி சுவாமி சபா அதைவிடவும் மூத்தது, 1900ஆம் வருஷத்தது. நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, பிரம்ம கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ், வாணி மகால் என்று மற்றவை எல்லாம் அவரவர் தேதியில் ஆரம்பிக்கும். மொத்தமாகப் பார்த்தால் நவம்பர் கடைசியிலேயே சூடு பிடித்து, பொங்கலுக்குப் பிறகுதான் ஆறும். 2017ல் யுனெஸ்கோ இசைக்காகச் சென்னையைப் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்ததில் இந்த ஒன்றரை மாதக் கூத்துக்கும் பங்கு உண்டு.

பெரிய சபாவில் ஒரு நாள் ஏறக்குறைய இப்படிப் போகும். காலையில் விளக்க உரை. பன்னிரண்டு மணிக்கு இளையவர் கச்சேரி, ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி வாக்கில் அடுத்த படியில் இருப்பவர், இரண்டு மணி நேரம். நாலு மணிக்கு ஒருவர், ஆறே முக்காலுக்கு நட்சத்திரம், ஆளுக்கு இரண்டரை மணி நேரம். பல சபாக்களில் முதல் இரண்டு கச்சேரிக்கும் டிக்கெட் கிடையாது. கதவு திறந்திருக்கும், போய் உட்கார வேண்டியதுதான்.

ஒன்றரை மணி நேரத்தில் என்ன கேட்டுவிட முடியும் என்று ஏளனமாக நினைக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மெயின் என்கிற பிரதானப் பாட்டுக்கு முன்னால் வார்த்தையில்லாமல் ராகத்தை விரிக்கிற ஆலாபனை 12 நிமிஷம், வயலின் 6, கீர்த்தனை 12, ஒரு வரியையும் ஸ்வரங்களையும் மேடையிலேயே கற்பனை செய்து பாடுகிற நிரவலும் கல்பனாஸ்வரமும் 12, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் 8. ஐம்பது நிமிஷம் ஆயிற்று. மிச்சம் நாற்பதில் ஒரு வர்ணமோ பிள்ளையார் பாட்டோ, துரித காலத்தில் ஒரு கிருதி, சின்ன ஆலாபனையோடு ஒரு சப்-மெயின் (மெயினுக்கு அடுத்த முக்கியத்துவம் உள்ள பாட்டு), லேசான ஒரு துக்கடா, மங்களம். ஊறப்போட நேரமில்லாததால் நல்ல இளம் பாடகர் சங்கதிகளை (ஒரே வரியை விதவிதமாக மெருகேற்றிப் பாடுவதை) தேர்ந்தெடுத்துத்தான் போடுவார். சொதப்புவதும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சப்-மெயினுக்கு வைத்த பூர்விகல்யாணி ராகத்தில் ஆசை மீறி இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் மெயின் ராகமான தோடியோ காம்போஜியோ அரைகுறையாக ஓடும், தனி நாலு நிமிஷமாகச் சுருங்கும். மிருதங்கக்காரர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பன்னிரண்டே முக்காலுக்குள் மெயின் ஆலாபனை தொடங்கவில்லை என்றால் அந்தக் கச்சேரியில் மெயினை எதிர்பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு கச்சேரிதான் கேட்க முடியும் என்றால் இரண்டு மணிக் கச்சேரிக்குப் போங்கள். அந்த இடத்தில் பாடுகிறவர்கள் அடுத்த வருஷம் நாலு மணிக்கு ஏற வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள். அபூர்வ கிருதி, பக்கவாத்தியத்தோடு ஒத்திகை பார்த்த பல்லவி, முடிவுக்குக் கணக்கு வைத்துக் கட்டிய கோர்வை என்று மாதக்கணக்கில் தயார் செய்ததை இங்கேதான் இறக்குவார்கள். ராத்திரி நட்சத்திரத்துக்கு அந்த அவசியம் இல்லை. போதாததற்கு சபா சபாவாக ஒரே மாதத்தில் வரிசையாகப் பாடித் தீர்க்க வேண்டும். மார்கழிப் பனியும் ஏசியும் சேர்ந்து டிசம்பர் 28க்குள் தொண்டையை ஒரு வழி பண்ணிவிடும். பெரிய வித்வான்களை டிசம்பர் முதல் பாதியில், கொஞ்சம் சிறிய சபாவில் கேட்பது நல்லது. அதே குரல், அதே பாட்டு. டிக்கெட் மட்டும் மலிவு.

இனி ஒலி. சீசனைப் பற்றிய குறைகளில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது. ஆனால் எதனால் என்று யாரும் விளக்குவதில்லை, "சவுண்டு சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

மேடையில் பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்தில் வலந்தலை என்கிற சுருதி முகத்துக்கும் தொப்பி என்கிற கனத்த முகத்துக்கும் தலா ஒன்று, கடத்துக்கு ஒன்று. சில இடங்களில் தம்புராவுக்கும் ஒன்று. இந்த ஐந்தாறு மைக்கும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். திறந்த மைக் இரட்டிப்பாகிற ஒவ்வொரு தடவையும், ஊளையிடாமல் ஏற்றக்கூடிய சத்தம் சுமார் 3 டெசிபல் குறையும். இது இயற்பியல், ஆபரேட்டர் கையில் இல்லை. அவர் கையில் இருப்பது மானிட்டர். பாடகருக்கு எதிரே தரையில் வைத்திருக்கும் அந்தப் பெட்டியை ஒருவர் ஏற்றச் சொன்னால் அடுத்தவருக்குத் தன் சத்தம் கேட்காது, அவரும் விரலை மேலே காட்டுவார். முதல் இரண்டு பாட்டுக்குள் நாலு பேரும் விரலைத் தூக்கிவிட்டால் அன்றைய கச்சேரி அவ்வளவுதான். மானிட்டரிலிருந்து கிளம்பும் மிருதங்க ஒலி பாடகரின் மைக்குக்குள்ளேயே புகுந்து, கூடத்துக்கு இரண்டாவது தடவையும் வரும். தொப்பியின் 'தொம்' வயிற்றில் இடிக்கும். சாகித்யத்தில், அதாவது பாட்டு வரிகளில், ஒரு எழுத்து கூடப் புரியாது.

கல்யாண மண்டபத்தைச் சபாவாக மாற்றிய இடங்களில் இது இன்னும் மோசம். டைல்ஸ் தரை, வெறும் சுவர், பிளாஸ்டிக் நாற்காலி, மேலே தகரமோ கான்கிரீட்டோ. குறைந்த ஸ்தாயி ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை. ஆள் நிறைந்தால் கொஞ்சம் அடங்கும், காலியாக இருந்தால் கிணற்றுக்குள் கேட்கிற மாதிரி இருக்கும். துரித கால ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இப்படிப்பட்ட இடத்தில் நிதானமான விளம்ப காலக் கிருதி கேட்கலாம். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங் என்று நாலு தாள வாத்தியம் போட்டிருந்தால் வாசலோடு திரும்பிவிடுங்கள்.

ஏசியும் ஒரு வில்லன். குளிர்ந்து உலர்ந்த காற்றில் தோல் இறுகும். வெளியே பக்கவாட்டு அறையில் சுருதி சேர்த்து எடுத்து வந்த மிருதங்கம், மேடையில் இருபது நிமிஷத்தில் ஏறிவிடும். பாட்டுக்குப் பாட்டு கல்லும் கட்டையும் எடுத்து வார்ப் பக்கம் தட்டுவது அதற்காகத்தான். தொப்பியில் அப்பிய ரவைப் பசை காய்ந்தால் கும்கி என்கிற குழைந்த நாதம் வராது, விரலில் தண்ணீர் தொட்டுத் தடவுவார்கள். கஞ்சிராக்காரருக்கு இன்னும் கஷ்டம். உட்புறத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தேய்த்து இறக்கிய சுருதி, தனி வருவதற்குள் காய்ந்து மேலே போய்விடும். கடத்தைத் திருகவும் முடியாது, தட்டவும் முடியாது. ஆகவே கடக்காரர் பக்கத்தில் இரண்டு மூன்று பானை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அது ஆடம்பரம் என்று நினைக்க வேண்டாம். தனிக்கு முன்னால் சுருதி சேர்க்க ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்கிற குழுவுக்குப் பொறுமையாகக் காது கொடுங்கள். எடுத்துக்கொள்ளாத குழுவின் தனிதான் தலைவலி தரும்.

எங்கே உட்கார வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும். முதல் இரண்டு வரிசை அந்தஸ்துக்கு நல்லது, காதுக்கு ஆகாது. பெரிய ஸ்பீக்கர்கள் உங்களைத் தாண்டிப் பின்னால் பார்த்துக்கொண்டிருக்கும். உங்களுக்குக் கிடைப்பது மானிட்டரின் முதுகுச் சத்தமும் மிருதங்கத்தின் நேரடிச் சத்தமும்தான். மேடையிலிருந்து கூடத்தின் மூன்றில் ஒரு பங்கு தூரம், நடு வழியை ஒட்டிய நாற்காலி என்றால் சரியாக இருக்கும். பால்கனிக்கு அடியில் கடைசி ஏழெட்டு வரிசையில் வயலினின் மேல் ஸ்தாயி மழுங்கிவிடும். அதற்குப் பதில் பால்கனி மேலேயே ஏறி முன்வரிசையில் உட்காரலாம், டிக்கெட்டும் குறைவு.

இடமா வலமா என்பதிலும் விஷயம் இருக்கிறது. வலந்தலை சபையைப் பார்த்திருக்க வேண்டும் என்பதால் வலக்கை மிருதங்கக்காரர் பாடகருக்கு வலப்பக்கம், அதாவது நமக்கு இடப்பக்கம் உட்காருவார். வயலின் நமக்கு வலப்பக்கம். வயலின் படிக்கிறவர்கள் வலது பாதியில் உட்கார்ந்தால் வில் போகிற போக்கும் விரல் நகர்வும் தெரியும். தாளக் கணக்கு பிடிக்கிறவர்கள் இடது பாதிக்குப் போகலாம். இடக்கை வித்வான் வந்தால் எல்லாம் தலைகீழ். இடக்கை மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை காலத்தில் இந்த இடமாற்றம் பெரிய விவகாரமாகவே இருந்தது.

சின்ன அரங்கங்களில் இந்தத் தொல்லைகளில் பாதி கிடையாது. லஸ் பக்கம் ராகசுதா அரங்கம், ஆர்கே கன்வென்ஷன் சென்டர் இரண்டும் கேட்பதற்கென்றே வருகிறவர்கள் கூடுகிற இடங்கள். மேடைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவே சாதாரணக் குரலில் பேசினாலே கேட்கும் தூரம்தான், ஒலியைப் பெருக்க அதிகம் தேவைப்படாது. கால் மணி முன்னால் போகாவிட்டால் நிற்க வேண்டியிருக்கும். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மெட்ரோ வேலைக்காக லஸ், மந்தைவெளிப் பக்கம் பாதை மாற்றி மாற்றி விடுவதால் காரில் வந்து அவதிப்படாதீர்கள்.

டிக்கெட் சமாசாரம் சுருக்கமாக. முன் வரிசைகள் உறுப்பினர், நன்கொடையாளர், சீசன் டிக்கெட்காரர்களுக்குப் போய்விடும். அன்றாட டிக்கெட்டுக்கு மிஞ்சுவது நடுவும் பின்னும். இணையத்தில் விற்பனை தொடங்குகிற அன்றே வாங்கிவிட வேண்டியது மூன்று நாலு பெயர்களுக்குத்தான். மற்றதெல்லாம் கவுண்டரில் நின்றே கிடைக்கும். சீசன் டிக்கெட் வாங்கினால் இருபது நாளில் குறைந்தது பன்னிரண்டு நாளாவது போக வேண்டும், இல்லாவிட்டால் நஷ்டம். வாங்குவதற்கு முன் பக்கவாத்தியம் யார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாடகர் பெயரை மட்டும் பார்த்து வாங்குவது பெட்டியைப் பார்த்துப் புடவை வாங்குகிற மாதிரி. ஜலதோஷத்தால் ஆள் மாறுவது மார்கழியில் சகஜம் என்பதால், கிளம்பும் முன் ஒரு தடவை சபாவின் பக்கத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

கேன்டீனை விட்டுவிட்டு சீசனைப் பற்றி எழுதினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள். மவுண்ட்பேட்டன் மணி ஐயர், ஞானாம்பிகா, சாஸ்தாலயா என்று சமையல்காரர் பெயரை வைத்தே சபாவைத் தேர்ந்தெடுக்கிற கூட்டம் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் போன வருஷம் இந்தச் சபாவில் இருந்தவர் இந்த வருஷம் அங்கேயேதான் இருப்பார் என்று சொல்ல முடியாது. வாசல் பேனரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல கேன்டீனா என்று கண்டுபிடிக்க வாழைப்பூ வடை ஒன்று வாங்கினால் போதும். நடுவில் பிட்டுப் பாருங்கள். கடலைப் பருப்பு பாதி பாதியாகத் தெரிய வேண்டும், பூ நார் நாராக இருக்க வேண்டும். பருப்பை நைசாக அரைத்திருந்தால் எண்ணெய் குடித்திருக்கும், பேப்பரில் வட்டமாக ஊறும். ஒவ்வொரு பூவிலும் கள்ளனை எடுத்து, மோரில் போட்டுக் கறுக்காமல் வைத்துச் செய்வது நேரம் பிடிக்கிற வேலை. இதில் சோம்பல் படாதவர் மற்றதிலும் படமாட்டார். காசி அல்வா என்றால் பூசணித் துருவல் பல்லில் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று பசை மாதிரி இருந்தால் சோளமாவு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடை அவியலுக்கு நேரம் முக்கியம். தடித்த கல்லில் ஓர் அடை இரண்டு பக்கமும் வேக ஆறேழு நிமிஷம் ஆகும். ஆறு மணிக்கு மேல் நாலு மணிக் கச்சேரிக் கூட்டமும் ராத்திரிக் கூட்டமும் ஒன்றாக மோதும்போது அந்த நிதானத்துக்கு வழியில்லை. முன்பே வார்த்து அடுக்கி வைத்துவிடுவார்கள், அடுக்கின ஆவியில் மொறுமொறுப்பு போய்த் துணி மாதிரி ஆகிவிடும். மூன்றரைக்கோ, ராத்திரிக் கச்சேரி தொடங்கி ஒரு மணி நேரம் கழித்தோ போனால் கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும். காபிக்கும் இதே விதி. நெரிசலில் கிடைப்பது இரண்டாம் டிகாஷன்.

மத்தியான இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றேகால் வரை கூட்டம் அலைமோதும். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு இடம் பிடிக்கிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. பாயசம் வருவதற்குள் முதுகில் யாரோ மூச்சு விடுவார்கள். டோக்கனை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு, ஒன்றரை மணிக்கு இளையவர் கச்சேரி முடிந்ததும் போனால் பந்தி காலியாக இருக்கும். ஆனால் இரண்டு மணிக் கச்சேரியின் முதல் பாட்டு போய்விடும். முழுச் சாப்பாடு முடித்துவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் சஹானா ராகம் தாலாட்டாகிவிடும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து கேன்டீனுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். போவதென்றால் பாடகர் கையைக் காட்டிய உடனே போய்விடுங்கள். இரண்டு தாள வாத்தியம் இருந்தால் ஆளுக்கு ஒரு சுற்று வாசித்து, பிறகு எட்டு, நாலு, இரண்டு, ஒன்று என்று மாறி மாறி வாசித்துச் சுருக்குகிற குறைப்பு வரும். குறைப்பு முடிந்தால் முடிவுச் சொற்கட்டுகளான மோராவும் கோர்வையும், எல்லாம் மூன்று நாலு நிமிஷத்து விஷயம். அந்த நேரத்தில் வரிசையை மிதித்துக்கொண்டு எழுந்தால் நீங்களும் கேட்கமாட்டீர்கள், பக்கத்தில் இருப்பவரையும் கேட்க விடமாட்டீர்கள். வடை எங்கேயும் போய்விடாது.

சாகித்யம் புரிந்து கேட்க வேண்டும் என்கிறவர்கள் பாரிமுனைக்குப் போகட்டும். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1943ல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா ராஜா அண்ணாமலை மன்றத்தில் நடக்கிறது. தமிழ்ப் பாட்டுதான் அங்கே. தேவாரப் பண்களைப் பற்றிய பண் ஆராய்ச்சிக் கூட்டமும் உண்டு. ஓதுவார்கள் பாடிக் காட்டிப் பேசுகிற அந்தக் கூட்டத்துக்கு ஆள் குறைவாகத்தான் வருகிறார்கள், பாவம். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினால் நடை தூரம். மயிலாப்பூர்க் கூட்டம் இந்தப் பக்கம் வராது என்பதால் இடத்துக்குத் தவிப்பில்லை.

நாகஸ்வரத்துக்குச் சபாக்கள் செய்வது போதாது. தொடக்க நாளன்று மங்கள இசை, அத்தோடு சரி என்பதே பெரும்பாலான இடங்களில் நிலைமை. வீதியில் நாலு தெருவுக்குக் கேட்க வேண்டிய வாத்தியத்தை மூடிய ஏசி அரங்கில் மைக் வைத்து வாசிக்கச் சொன்னால் காது கூசத்தான் செய்யும், வாத்தியத்தின் மேல் தப்பில்லை. தவிலுக்கு மைக்கே வேண்டாம். நாகஸ்வரம் கேட்க வேண்டுமானால் கோவில் புறப்பாட்டுக்குப் போய், சாமிக்கு முன்னால் இருபது முப்பது அடி தள்ளி நடந்துகொண்டே கேளுங்கள்.

வீதியில் இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோவில் மாட வீதியில் பஜனை வரும். கீர்த்தனாசிரியர் பாபநாசம் சிவன் பல்லாண்டு காலம் நடத்திய மரபு அது. ஐந்தரைக்கு முன்னால் போய் நின்றால் சேர்ந்தே நடக்கலாம். ஜனவரியில் பொங்கலுக்கு முன்பு மயிலாப்பூர் விழா. வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப் போட்டிக்குச் சாயங்காலம் வெயில் இருக்கும்போதே போவது சரி, பொழுது சாய்ந்தால் கூட்டம் கோலத்தை மிதிக்கிற அளவுக்கு நெருக்கும். பொங்கலை ஒட்டி அரசு நடத்தும் சென்னை சங்கமம் 2007ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023ல் மறுபடி வந்தது. பறை, கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து என்று பூங்காக்களிலும் மைதானங்களிலும் நடக்கும். பறை கேட்க மேடைக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் பத்தடி தள்ளி நில்லுங்கள், அடிக்குச்சியும் சிண்டுக்குச்சியும் தனித்தனியாகக் கேட்கும்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு: காலை எட்டு மணி விளக்க உரை, பத்து மணிக்கு ரவா பொங்கலும் காபியும், பன்னிரண்டு மணிக் கச்சேரி, கையோடு கொண்டுபோன தயிர்சாதம், இரண்டு மணிக் கச்சேரி, முடிந்ததும் கல்லிலிருந்து நேராக ஓர் அடை. தோளில் ஒரு சால்வை இருக்கட்டும், பெரிய அரங்கங்களில் குளிர் எலும்பைத் தொடும். ராத்திரிக் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தால் மங்களத்துக்கு எழுந்து நின்றுவிட்டு ஆட்டோவைக் கூப்பிடாதீர்கள். ஒன்பதேகாலுக்கு சபா வாசலில் அத்தனை பேரும் அதே ஆட்டோவைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அடுத்த தெரு முனை வரை நடந்து போய்க் கூப்பிடுங்கள்.